பவுலினக்கா டிரம்

பவுலின் ஏறினால் பஸ்ஸில் பூண்டு வாடை வரும். கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்கு அது பழகிப்போய்விட்டது. புதிதாக ஏறியவர்கள்தான் தங்கள் பையை மோந்து பார்த்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரரைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கடைசியில் கண்கள் பவுலினிடம் வந்து நிற்கும்.

"இன்னாமா, ஊறுகா வியாபாரமா?"

"இல்லீங்க. வெளிச்சம் வியாபாரம்."

கேட்டவர் அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவள் சொன்னது பொய்யில்லை. கார்பைடு கல் என்று ஒன்று உண்டு. பார்க்க ரோட்டு ஜல்லி மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பாம்பு போலச் சீறும். சீறி வருவதுதான் கேஸ். பூண்டு வாடை அதனுடையது. மாங்காயைப் பழுக்க வைக்கச் சிலர் அதைத் திருட்டுத்தனமாக வாங்குகிறார்கள். வெல்டிங்காரர்கள் இரும்பை ஒட்ட வாங்குகிறார்கள். வீட்டுக்கு விளக்கேற்ற வாங்கியவள், அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தவரை, பவுலின் ஒருத்திதான்.

உளுந்தூர்பேட்டை ரோட்டோர ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவியவளின் மகள் அவள். விடிய விடிய லாரிகளின் விளக்கு முகத்தில் அடிக்கும் இடத்தில் பிறந்து வளர்ந்தவள். நைனார்பாளையத்தில் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஆரோக்கியதாஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கரும்பு ஏற்றும் டிராக்டர்களின் கொக்கி, மாட்டு வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா, ஏர்க் கலப்பை என்று ஊரில் உடைவதெல்லாம் அவன் கைக்கு வரும். இவள் இடுக்கியால் பிடித்துக்கொள்வாள், அவன் ஒட்டுவான். ரெஜினா பிறந்தாள். வாழ்க்கை ஒரு சீராகத்தான் போயிற்று.

பிறகு சர்க்கரை நோய் வந்தது. அது முதலில் ஆரோக்கியதாஸின் கால் விரல் ஒன்றைக் கேட்டது, கொடுத்தார்கள். அடுத்து அவன் கண்ணைக் கேட்டது. கொடுக்க மாட்டோம் என்று பாண்டிச்சேரி வரை ஓடிப் பார்த்தார்கள். கேட்காமலே எடுத்துக்கொண்டது.

நாளெல்லாம் நெருப்பின் முன்னால் இருந்தவன் இருட்டுக்குள் போய்விட்டான். அந்த ராத்திரிகளில் பவுலின் அழுத அழுகையை அவள் தலையணை மட்டுமே அறியும். காலையில் எழுந்து பட்டறைக் கதவைத் திறந்தாள். கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் தன் கண்ணில் மாட்டிக்கொண்டாள்.

"பொம்பள ஒட்டினது நிக்குமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை ஆரோக்கியதாஸ் ஏற்றுக்கொண்டான். பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "நிக்கலன்னா எடுத்துக்கினு வா. எனக்குத்தான் கண்ணு தெரியாதே, திட்டினாலும் மூஞ்சி பாக்கமாட்டேன்" என்பான்.

அந்தப் பட்டறைக்கு ஒரு நாள் மலையிலிருந்து சாலம்மாள் வந்தாள். இலுப்பவளவு என்ற குக்கிராமத்துக்காரி. வளவு என்றால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட வீட்டுக் கூட்டம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து காட்டுக்குள் நடந்து, ஒரு ஓடையைத் தாண்டிப் போனால் வரும். கரண்டுக் கம்பம் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. சாலம்மாள் தலையில் சுமந்து வந்தது சோலார் விளக்கின் முறிந்த இரும்புக் கம்பி.

"லைட்டு எங்கம்மா?" என்று கேட்டாள் பவுலின்.

"லைட்டு போயி ரெண்டு மழ ஆச்சி. பேட்டரி வீங்கிப்போச்சி."

"அப்ப கம்பிய எதுக்கு ஒட்டணும்?"

"துணி காயப் போடத்தான்."

பவுலின் சிரித்துவிட்டாள். சாலம்மாள் சிரிக்கவில்லை. "பொழுது சாஞ்சா வாயில போறது சோறா பூச்சியான்னு தெரியல தாயி. துணியாவது காயட்டுமேன்னு பாத்தேன்" என்றாள்.

வாசலில் இருந்த ஆரோக்கியதாஸ் காதைத் திருப்பினான். "பவுலினு, ஆக்சிஜன் தொறக்கறதுக்கு முன்னாடி நாஸில் முனையில ஒரு வெள்ள நெருப்பு வருமே, கண்ணு கூசுமே, அது இன்னா?"

"கேஸு."

"அதான் வெளிச்சம். நாம அதுல ஆக்சிஜன் வுட்டு நீலமாக்கி இரும்ப ஒட்றோம். வுடலன்னா வெளக்கு."

கண் போனவன் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் பவுலினைத் தூங்கவிடவில்லை. சிலிண்டர் வருவதற்கு முன்பு அவர்கள் கேஸ் செய்த பழைய டிரம் கொல்லையில் கோழி அடைக்கக் கிடந்தது. கோழியைத் துரத்தினாள். துருவைச் சுரண்டினாள். அடி டிரம்மில் தண்ணீர், அதற்குள் கவிழ்த்து மிதக்கும் மேல் டிரம், நடுவே கல் வைக்கும் கூடை. கேஸ் நிறைய நிறைய மேல் டிரம் எழும்பும், தீரத் தீர இறங்கும். முதல் விளக்கு புகைந்து கூரையைக் கறுப்பாக்கியது. சேலத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் ஊசித் துளை போட்ட பீங்கான் பர்னர்கள் ஒரு பெட்டி கிடைத்த பிறகுதான் மீன் வால் மாதிரி விரிந்து, வெள்ளை வெளேரென்று எரிந்தது.

இலுப்பவளவின் நடுவில் டிரம்மை வைத்தாள். டிரம்மிலிருந்து ரப்பர் டியூப், அதிலிருந்து இரும்புக் குழாய் வீட்டுக்கு வீடு போயிற்று. தினமும் கல் போட்டுத் தண்ணீர் மாற்றச் சின்னதுரை என்பவனைப் பழக்கினாள். அவள் வாரம் ஒருமுறை போய் பர்னரில் அடைப்பு எடுத்து, டியூபில் கசிவு பார்த்து வருவாள். கல் டப்பாக்கள் மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போகும் லோடு வண்டியில் தனியாக வந்துவிடும். மூன்றே மூன்று கட்டளைகள் போட்டிருந்தாள்: கல் டப்பாவில் தண்ணீர் படக்கூடாது; டிரம் பக்கம் பீடி கூடாது; வீட்டுக்குள் பூண்டு வாடை வந்தால் கதவைத் திற, நெருப்புக் குச்சியைத் தொடாதே. கையில் காசு இருக்கும் மாதம் மக்கள் பணமாகக் கொடுத்தார்கள், இல்லாத மாதம் புளியாகவும் சாமையாகவும் கொடுத்தார்கள். டிரம்மின் அடியில் தங்கும் வெள்ளைக் கூழ் சுத்தமான சுண்ணாம்பு. அதை எடுத்துச் சுவருக்கு அடித்துக்கொண்டார்கள். மலையிலேயே வெள்ளையான வீடுகள் இலுப்பவளவில்தான் என்று பெயரும் ஆயிற்று.

இப்படி இருக்கும்போதுதான் ரெஜினாவுக்கு வரன் வந்தது.

மாப்பிள்ளை ஆல்பர்ட், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். ரெஜினாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது கம்மியான வார்த்தை. அவன் பெயரைக் கேட்டால் அவள் கையிலிருக்கும் கரண்டி தானாகக் கீழே விழும். அவன் தாய் செலினா ஆலை கேண்டீனில் வேலை செய்து, ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவள். புருஷனைச் சாராயம் கொண்டுபோயிருந்தது. பெண் பார்க்க வந்தவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நகை நட்டு எனக்கு ஒண்ணும் வேணாம். சாராய வாடை அடிக்காத வூடா இருந்தா போதும். என் புள்ளைய அந்த வாடையிலருந்து தூக்கிக்கினு வந்தவ நான்."

"எனக்கு சக்கரைங்க. டீயிலயே சக்கரை கெடையாது, சாராயத்துக்கு எங்க போறது" என்றான் ஆரோக்கியதாஸ்.

செலினா அன்றைக்குச் சிரித்தாள். பவுலின் பட்டறையைப் பற்றிச் சொன்னாள். மலை வேலையைச் சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவள் தன்னந்தனியாக மலையேறிப் போகிறாள் என்றால் சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று அந்த ஒன்றை மட்டும் தொண்டையிலேயே வைத்துக்கொண்டாள்.

கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மணமக்களின் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். மூன்றாவது ஓலை முடியும் வரை பெண் வீட்டார் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் ஓலை போயிற்று. இரண்டாவது ஓலையும் போயிற்று.

அந்த வாரம்தான் செலினாவின் தம்பி பிரிட்டோ அதைப் பார்த்தான். ஜீப் ஓட்டிப் பிழைப்பவன். மலை அடிவாரத்தில் ஒரு லோடு வண்டியில் டப்பாவும் ரப்பர் டியூபும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று ஏற்றச் சொன்னவள் அக்காவின் சம்பந்தி. வண்டிக்காரனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தான். மலையில் ஒரு வளவில் அந்தம்மாவுக்கு டிரம் இருக்கிறது என்றான் அவன்.

மலை, டிரம், டியூப். அந்தப் பக்கத்தில் பிறந்த யாருக்கும் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ஒரே பொருள்தான். ஊறல். சாராயம்.

பிரிட்டோ ஓடிப்போய் செலினாவிடம் சொன்னான். மகனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. "நீ சொன்னத நான் நம்பமாட்டேன். என் கண்ணால பாக்கணும். உண்மையா இருந்தா நாளைக்கு மூணாவது ஓலை வாசிக்கும்போது நானே எழுந்து நிப்பேன்" என்றாள். சனிக்கிழமை மத்தியானம் தம்பியின் ஜீப்பில் மலையேறினாள்.

அதே சனிக்கிழமை பவுலினும் மலையில் இருந்தாள். மகளின் கல்யாணத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டால், பிறகு இரண்டு வாரம் நிம்மதியாக இருக்கலாம் என்ற எண்ணம். டிரம்முக்குக் கல் போட்டுவிட்டு, கடைக்கோடி வீட்டுக்குள் உட்கார்ந்து ஸ்டவ் பின்னை வைத்து பர்னரின் அடைப்பைக் குத்திக்கொண்டிருந்தாள். அந்த வீடு சரிவில் கொஞ்சம் இறக்கத்தில் இருந்தது. வெளியே நடப்பது காதில் விழாது.

சின்னதுரை டிரம் பக்கத்தில் நின்றிருந்தான். சட்டென்று தலையைச் சாய்த்தான்.

"ஜீப்பு."

"ரேஷன் வண்டியா இருக்கும்" என்றாள் சாலம்மாள்.

"ரேஷன் வண்டி முக்கிக்கினு வரும். இது பாஞ்சிக்கினு வருது."

இலுப்பவளவில் ஊறல் போடுவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் அங்கே வளர்ந்தவர்களின் காதும் கையும் ஒன்றை மறக்கவில்லை. எதிர்ச் சரிவில் போலீஸ் ஜீப் உறுமினால், அது வளைவு திரும்புவதற்குள் டிரம் ஓடைக்குள் போயாக வேண்டும். பாதையிலிருந்து தள்ளி இருக்கும் ஆழமான மடுவில் அமுக்கி, மேலே கல்லை ஏற்றி, தழையைப் போட்டுவிட வேண்டும். அவர்களின் அப்பன்மார் செய்ததும் அதுதான். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. தும்மல் மாதிரி.

"நம்முளுதுல எது போனாலும் போவுது. அக்கா டிரம்ம ஒடைச்சிட்டாங்கன்னா பொழுது சாஞ்சதும் இன்னா பண்றது? தூக்குங்கடா" என்றான் சின்னதுரை.

நாலு பேர் சேர்ந்தார்கள். டியூபைப் பிடுங்கினார்கள். டிரம்மை உருட்டினார்கள், தூக்கினார்கள், ஓடினார்கள். திறந்திருந்த கல் டப்பாவையும் ஒருவன் மறக்காமல் எடுத்துக்கொண்டான். ஓடையில் எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, மூச்சு வாங்கியபடி ஓடிவந்து, ஒன்றும் தெரியாதவர்கள் போல அங்கங்கே நின்றார்கள். ஒருவன் கோழிக்குத் தீனி போட்டான். அவனிடம் தீனி இல்லை. வெறும் கையை வீசினான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஜீப் நின்றது. செலினா நடந்து வந்தாள். கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு மஞ்சள் பை. பின்னால் பிரிட்டோ.

"இங்க பவுலின்னு ஒரு அம்மா வருவாங்களாமே?" என்று கேட்டாள்.

"அப்பிடி ஆரும் இல்லீங்க" என்றான் சின்னதுரை.

"டிரம் வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்க."

"டிரம்மா? எங்க வளவுல டிரம்மே கெடையாதுங்க. நாங்க கொடத்துலதான் தண்ணி புடிப்போம்."

பிரிட்டோ கீழே பார்த்தான். மண்ணில் டிரம் இருந்த இடம் வட்டமாக, ஈரமாக, பளிச்சென்று தெரிந்தது. அங்கிருந்து இரும்புக் குழாய் வீடுகளுக்குப் போயிருந்தது.

"அப்ப இந்தக் குழா எதுக்குய்யா?"

சின்னதுரை குழாயைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற ஆட்டைப் பார்த்தான். "ஆடு கட்றதுக்குங்க."

செலினா ஒரு பாறைமேல் மெல்ல உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஒளிக்கிற கண்களை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள். ஆல்பர்ட்டின் முகம் அவள் முன்னால் வந்து நின்றது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்து, கண்ணாடி முன்னால் நின்றவன். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவனிடம் என்ன சொல்வது?

அந்த நேரம் பார்த்து, ஸ்டவ் பின்னும் கையுமாக பவுலின் சரிவேறி வந்தாள்.

"சம்பந்தி?"

"இவங்க... வழி தப்பி வந்தவங்க" என்று சின்னதுரை முணுமுணுத்தான்.

"ஏம்மா, உன்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்" என்றாள் செலினா. குரலில் கோபம் இல்லை. "பொன்னு கேட்டனா, பொருளு கேட்டனா? அந்த ஒண்ண மட்டுந்தான கேட்டேன்."

பவுலினுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. "அய்யோ, அது சாராயம் இல்லீங்க, கேஸ் வெளக்கு. வாங்க, காட்றேன்" என்று திரும்பினாள். ஈரமான வட்டம் மட்டும் இருந்தது.

"சின்னதொர, டிரம்மு எங்கடா?"

சின்னதுரை கண்ணைச் சிமிட்டினான். உதட்டைக் கடித்தான். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டினான். "எந்த டிரம்முக்கா?"

காப்பாற்றுகிறேன் என்று நினைத்து ஒருவன் கழுத்தில் கயிறு மாட்டுவதைப் பவுலின் அன்றுதான் பார்த்தாள். செலினா எழுந்தாள். "போதும்மா. பாவம், அவங்கள வேற பொய் பேச வெக்காத" என்று ஓடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். மகளின் கல்யாணம் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பவுலின் பார்த்தாள். கூப்பிட வாய் திறந்தாள். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. திண்டின்மேல் வைத்த கல் டப்பாவையும் காணோம்.

"கல்லு டப்பா எங்கடா?" இம்முறை அவள் குரல் வேறாக இருந்தது.

"ஓடையில. டிரம்மோட" என்றான் சின்னதுரை, காதுக்குள்.

"மூடினியா?"

அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் ஓடினாள். "ஓடைக்கிட்ட யாரும் போவாதீங்க. அடுப்ப அணைங்க. சம்பந்தி, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே செலினாவைத் தாண்டி ஓடினாள். சாட்சியை அழிக்கத்தான் ஓடுகிறாள் என்று பிரிட்டோ பின்னாலேயே பாய்ந்தான்.

மடு பால் போல வெளுத்திருந்தது. நடுவிலிருந்து கொதிக்கிற உலை மாதிரி குமிழ்கள் பொங்கிக்கொண்டிருந்தன. பூண்டு வாடை மூக்கை அடைத்தது. கரையில் வந்து நின்ற பிரிட்டோவின் விரலிடுக்கில் பாதி எரிந்த சிகரெட்.

பவுலின் யோசிக்கவில்லை. சம்பந்தி வீட்டு ஆம்பளை என்று பார்க்கவில்லை. அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்து, சட்டைக் காலரைப் பிடித்து, மரவள்ளிக் கொல்லைக்குள் இழுத்துக்கொண்டு விழுந்தாள். தட்டிவிட்ட சிகரெட் கரையோரம் போய் விழுந்தது. பொக்கென்று ஒரு சத்தம். மடுவின் மேல் நெருப்பு ஓடியது. தண்ணீர் எரிந்தது. வெள்ளை வெளேரென்று எரிந்தது. மேலே கறுப்பு ஒட்டடை நூல் நூலாகப் பறந்தது.

செலினா நின்ற இடத்திலேயே நின்றாள். கண்ணெடுக்காமல் நெருப்பைப் பார்த்தாள். பிறகு மூச்சை உள்ளே இழுத்தாள், ஒருமுறை, இன்னொருமுறை.

"பிரிட்டோ" என்றாள். "இது சாராயம் இல்லடா."

"நாத்தம் தெரியாம இருக்க பூண்டத் தட்டிப் போட்டிருப்பாங்கக்கா" என்றது கொல்லைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"நீ வாய மூடு. மொதல்ல மீசையத் தொட்டுப் பாரு." மீசையின் ஒரு முனை சுருண்டிருந்தது. "உங்க மாமா சரக்கு நல்லதான்னு பாக்க நடு வூட்டுத் தரையில ஊத்திக் கொளுத்துவாரு. எத்தினி தடவ பாத்திருக்கேன். நீலமா, கண்ணுக்கே தெரியாம எரியும். புகையே வராது. இது வெள்ளையா எரியுது. அந்த வாடையோட குடும்பம் நடத்தினவ நான். தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இது அது இல்ல."

ஓடைக் கரையில் அப்படியே உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷமாக அவளைத் துரத்திய அந்தப் பாழும் அறிவு, அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு ஒரு நல்லது செய்திருந்தது. பவுலின் மண்ணும் தழையுமாக எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள். இரண்டு பேரும் எதற்கு அழுகிறார்கள் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

கல் தீர்ந்து, குமிழ் அடங்கி, நெருப்பு தானாக அணையும் வரை காத்திருந்தார்கள். டிரம்மை வெளியே இழுத்தார்கள். அது பிழைத்துக்கொண்டது. ஆனால் கல் மொத்தமும் ஓடையோடு போய்விட்டது.

"நாளைக்குக் காட்றேங்க. இன்னிக்குக் கல்லு இல்ல" என்றாள் பவுலின், தலையைக் குனிந்துகொண்டு.

சாலம்மாள் வீட்டுக்குள் போனாள். சாமைக் குதிருக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவி, மூடி இறுகிய புது டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். மேலெல்லாம் சாமை ஒட்டியிருந்தது.

"இத மட்டும் நான் குடுக்கல. தண்ணி படக்கூடாதுன்னு நீதான சொன்ன? இவனுங்க எங்க கேட்டானுங்க" என்றாள்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் வேளையில் மேல் டிரம் மெதுவாக எழும்பியது. குழாயில் முன்பிருந்த காற்று வெளியேறக் கொஞ்சம் பொறுத்து, பவுலின் சாலம்மாள் வீட்டு பர்னரில் குச்சியைக் காட்டினாள். மீன் வால் விரிந்தது. சுண்ணாம்புச் சுவர் அந்த வெளிச்சத்தை வாங்கி வீடு முழுக்கத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று ஒவ்வொரு வாசலாக வெளுத்தது. செலினா சாலம்மாளின் தட்டைப் பார்த்தாள். சோறு சோறாகத் தெரிந்தது.

"இத ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"பொம்பள தனியா மலைக்குப் போறான்னு நீங்க இன்னா நெனப்பீங்களோன்னு..."

"நல்லா நெனச்ச போ. மில்லு கேண்டீன்ல அத்தினி ஆம்பளைங்களுக்கு டீ ஆத்தி புள்ள வளத்தவ நான். என்கிட்ட போயி மறைச்ச." செலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னதுரையைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்பா, இன்னாவோ ஆடு கட்றதுன்னியே?"

சின்னதுரை குழாயைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். மெல்ல ஆட்டை ஓட்டிக்கொண்டு நகர்ந்தான்.

இரவு பிரிட்டோவின் ஜீப்பிலேயே செலினாவோடு பவுலின் வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் காத்திருந்த ஆரோக்கியதாஸ் மூக்கை உறிஞ்சினான். "இன்னா பவுலினு, இன்னிக்கு ரெண்டு பேர் மேலயும் பூண்டு வாடை அடிக்குது?" என்றான். "ஆல்பர்ட்டோட அம்மாவும் வந்திருக்காங்க" என்றாள் பவுலின். உள்ளே ரெஜினாவின் கையிலிருந்து கரண்டி விழும் சத்தம் கேட்டது.

மறுநாள் பூசைக்கு இலுப்பவளவே இறங்கி வந்திருந்தது. நல்ல காரியத்தைக் கெடுக்கப் பார்த்தோமே என்ற குற்ற உணர்ச்சி அவர்களை இழுத்து வந்திருந்தது. கோயில் பழக்கம் தெரியாததால் கடைசி வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சாலம்மாள் மடியில் ஒரு மூட்டை சாமை. முன் வரிசையில் பவுலினும் செலினாவும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிரிட்டோ மீசையை முழுதாக மழித்துவிட்டு வந்திருந்தான்.

பூசையில் நன்மை அப்பம் வாங்கி முடிந்ததும் பங்குச் சாமியார் ஓலையை எடுத்தார். ஆல்பர்ட் பெயரை வாசித்தார். ரெஜினா பெயரை வாசித்தார். இது மூன்றாவது ஓலை என்றார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார்.

பவுலின் கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது. ஒருவன் எழுந்து நின்றான். கோயிலே திரும்பிப் பார்த்தது.

"சாமி, எங்களுக்குத் தெரிஞ்சி ஒரு தடையும் இல்லீங்க" என்றான் சின்னதுரை, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில். "டிரம்மும் பத்திரமா இருக்குதுங்க."

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன் வரிசையில் செலினா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அவள் இன்னொரு கை பவுலினின் கையைப் பிடித்திருந்தது.

"யாரு பவுலினு அது?" என்று கேட்டான் ஆரோக்கியதாஸ்.

"நம்ம சின்னதொர."

"ஒக்காரச் சொல்லு."

அதற்குள் சாமியார் கடைசி ஆசீர்வாதத்துக்காகக் கையை உயர்த்தி, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். கோயில் முழுவதும் எழுந்தது. சின்னதுரை மட்டும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான்.